ஆறாவது படம், நான்கு முறை

ஃபோல்டரின் பெயர் 'நொண்டி ஃபைனல்' என்று இருந்தது. அனுப்பியவள் என் தங்கை. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஃபோல்டருக்குப் பெயர் வைப்பதில் யாரும் மரியாதை பார்ப்பதில்லை. அரண்மனை பற்றி எரியும் காட்சிக்கு 'மாமியார்' என்று வைத்திருந்தார்கள். அது எரிந்து முடிகிற வரை முதலாளிகூட அப்படியேதான் சொன்னார்: "மாமியார் எப்பம்மா அணைவாங்க?"

என் வேலை அடுக்குவது. கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு சுடர் ஆடுகிறது, குளத்தில் அலை அடிக்கிறது, சுவரில் திரைச்சீலை அசைகிறது என்றால், அதற்காக யாரோ பத்துப் பதினைந்து படங்கள் வரைந்திருக்கிறார்கள். அவற்றை ஒரே அளவுக் கட்டங்களாக வெட்டி ஒரு பெரிய சதுரத்துக்குள் வரிசையாக வைத்துத் தருவேன். ஸ்ப்ரைட் ஷீட் என்பார்கள், எங்களுக்கு ஷீட். மெஷின் மேல் வரிசையில் தொடங்கி இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குக் காட்டிக்கொண்டே போகும். கடைசிக் கட்டம் முடிந்ததும் முதலுக்கு வந்துவிடும். பார்ப்பவருக்கு அது ஓர் அசைவு. எனக்கு அது பதினாறு அல்லது அறுபத்துநான்கு தனித்தனி நிற்றல்கள்.

சேர்ந்த புதிதில் ஒரு கொடியின் ஷீட்டில் கீழ் வரிசையை மேலே வைத்துவிட்டேன். கொடி விக்கல் எடுத்தது. அதன்பிறகு தவறியதில்லை. கட்டத்தின் ஓரத்தில் நூலளவு வெற்றிடம் விட வேண்டும், இல்லையென்றால் பக்கத்துக் கட்டத்தின் நிறம் கோடாகக் கசியும்; படம் கட்டத்துக்குள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் குதிக்கும். இதெல்லாம் என் விரலுக்கே தெரியும். "அக்கா அடுக்கினா நான் திறந்துகூடப் பாக்க மாட்டேன்" என்று தங்கை எல்லாரிடமும் சொல்வாள். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அவள் வரைபவள். இந்த வேலைக்கு என்னைக் கூட்டிவந்தவளும் அவள்தான். எனக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலைதான் சரிப்படும். இடது இடுப்பு மூட்டு பிறவியிலேயே விலகியிருந்ததை நான் நடக்க ஆரம்பித்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். இரண்டு முறை கத்தி வைத்தும் கால் குட்டையாகவே நின்றுவிட்டது.

அந்த விளையாட்டில் ஆளில்லாத ஒரு வீடு. ஆடுபவர் கையில் விளக்கோடு நடைக்கூடத்தில் நிற்பார். சுவரில் ஒரு பெண்ணின் நிழல் போகும். திரும்பிப் பார்த்தால் பெண் இருக்க மாட்டாள். அந்த நிழல்தான் ஃபோல்டரில் இருந்தது. வெறும் கறுப்பு, முகமில்லை, முந்தானையில்லை. கூடவே தங்கையின் குறிப்பு: 'பதிமூணு படம்க்கா. நாலுக்கு நாலு ஷீட். ஆறாவதை மட்டும் நாலு தடவை போடு. அப்பதான் அந்த இழுவை வரும்.'

அடுக்கினேன். ஆறாவது படம் இரண்டாவது வரிசையின் இரண்டாவது கட்டத்தில் தொடங்கி, மூன்றாவது வரிசையின் முதல் கட்டம் வரை நின்றது. ஓடவிட்டுப் பார்த்தேன்.

தன் நடை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. முகத்துக்குக் கண்ணாடி இருக்கிறது, குரலைப் பதிந்து கேட்டுக்கொள்ளலாம். நடை மட்டும் ஊருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத விஷயம். ஆனால் உடம்புக்குத் தெரியும் போலிருக்கிறது. அந்த நிழல் வலது காலில் ஏறி நின்று, இடுப்பை ஒரு பக்கமாக உயர்த்தி, இடது காலை வைப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கியது. என் இடுப்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தத் தயக்கத்துக்குத் தயாரானதை உணர்ந்தேன்.

அந்தத் தயக்கம் டாக்டருக்குத் தெரியாது. அவர் நீளத்தை அளந்தார், சாய்வை அளந்தார். இடது பாதத்தை ஊன்றும் முன் நான் தரையை நம்பாமல் ஒரு நொடி நிற்பதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. எனக்கே அது வெளியில் தெரியும் என்று தெரியாது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் வருடக்கணக்காக என் பின்னால் நடந்திருக்க வேண்டும்.

"அக்கா, நொண்டி வந்தாச்சா?" என்று நிரல் எழுதுபவர் நாற்காலியோடு உருண்டு வந்தார். ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல, ஃபோல்டரைக் கேட்டேன்."

"ஃபோல்டரைத்தான் நானும் பாத்துட்டிருக்கேன்."

"செமயா வந்திருக்குல்ல? அவங்க நடந்து காட்டினப்பவே தெரியும், இது தூக்கிடும்னு. நாங்கல்லாம் சிரிச்சு..." ரேடியோ நின்றது. நான் அறிந்து அது நிற்பது அதுதான் முதல் தடவை.

"யாரு நடந்து காட்டினது?"

"வரையறதுக்கு முன்னாடி ஒருதரம் நடந்து பாப்பாங்கல்லக்கா. அதுமாதிரி."

"எப்ப?"

"முந்தாநாள். நீங்க பல் டாக்டர்கிட்ட போயிருந்தீங்களே, அப்ப."

"எங்க?"

அவர் மேசைகளுக்கு நடுவே இருந்த வழியைக் கண்ணால் காட்டினார். "சிரிச்சோம்னா கேலியா இல்லக்கா. பயத்துல சிரிச்சோம். பயம் வந்தா சிரிப்பு வரும்ல."

"வரும்" என்றேன்.

டீ போடும் இடத்தில் தங்கையைப் பிடித்தேன். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் கதவுக்கு வெளியே நிற்க வேண்டிய சின்ன அறை அது. அவள் கோப்பையில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அது என் நடை."

"எது அக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

கலக்குவதை நிறுத்தவில்லை. "நிழல்தானேக்கா. நிழல்ல யாரு முகத்தைத் தேடப் போறா?"

"முகம் இல்லாததாலதான் கேக்கறேன். அதுல நடையைத் தவிர வேற என்ன இருக்கு?"

"உலகத்துல நீ ஒருத்திதான் நொ..." நிறுத்தி, "கால் முடியாதவளா?" என்றாள்.

"முழுசாச் சொல்லு. ஃபோல்டர்ல எழுத வருதுல்ல."

"அது வேலைக்கு வெச்ச பேரு. மாமியார்னு வெக்கலையா?" ஸ்பூனைக் கழுவி வைத்தாள். "நான் சொல்றதைக் கேளு. எத்தனையோ பேர் நடையைப் பாத்து வரைஞ்சேன். எல்லாம் பொம்மை மாதிரி இருந்துச்சு. உன் நடையில ஒரு கனம் இருக்கு. கேலின்னு நீயா ஏன் நினைச்சுக்கற?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

இதைச் சொல்லிவிட்டு அவள் கோப்பையோடு போனாள். அது உண்மையான பதில். பொய் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன் என்று இன்றும் தோன்றுகிறது. உண்மையைச் சொன்னதும் எனக்குள் ஏதோ ஒன்று இறுகி, மிகவும் அமைதியாகிவிட்டது. நான் மறுப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தாள். அப்படியென்றால் நான் எடுப்பதற்கும் அவளிடம் கேட்க வேண்டியதில்லை.

வீட்டில் அம்மா விஷயத்தை அதற்குள் தெரிந்துவைத்திருந்தாள். அவளும் நானும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். தங்கை குளித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அவளுக்கு இப்பத்தான் ஒரு வழி திறக்குது. அந்தப் பெரிய கம்பெனி வந்து பாக்கப் போகுதாமே. பிடிச்சா விளையாட்டையும் வாங்கி, இவளையும் வரையறவங்களுக்குத் தலைவியா எடுத்துக்குவாங்களாம்."

"தெரியும்மா."

"ஏதாவது பேசி வெச்சிடாதே. உனக்கு மனசு பெருசு."

எங்கள் வீட்டில் அது பாராட்டு கிடையாது. வாயை மூடு என்பதை எனக்கு மட்டும் அப்படிச் சொல்வார்கள். பெரிய மனசு என்று சொல்லிச் சொல்லியே அதில் இத்தனை வருடமாக எல்லாரும் தங்கள் சாமான்களைப் போட்டுவைத்திருக்கிறார்கள்.

"அவ நடந்து காட்டினாளாம்மா. ஆபீஸ்ல. எல்லாரும் சிரிச்சாங்களாம்."

அம்மா புடவைத் தலைப்பின் ஓரத்தை நீவினாள். "சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு அது அப்படியே வரும்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. எழுந்து போய்விட்டாள்.

அப்படியே வரும். அதை நான்தான் பார்த்ததே இல்லை.

சின்ன வயதில் நாங்கள் இருந்த வீட்டில் முன்னறையிலிருந்து பின்பக்கம் வரை நீளமான நடை. யாராவது விருந்தாளி வந்தால் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. தட்டை வைத்துவிட்டுத் திரும்பி நடப்பேன். பின்னாலேயே சிரிப்புக் கேட்கும். சத்தமான சிரிப்பு இல்லை. வாயைப் பொத்திக்கொண்டும் மூக்கு வழியாக வந்துவிடும் சிரிப்பு. அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார், தாள் நடுங்கும். சட்டென்று திரும்புவேன். தங்கை எனக்குப் பின்னால் நேராக நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரட்டைப் பின்னல், தொங்கவிட்ட கைகள். எத்தனை வேகமாகத் திரும்பினாலும் அவள் அதற்குள் நேராகியிருப்பாள். அவளைக் குற்றம் சொல்ல என் கையில் ஒன்றுமே இருக்காது. "ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டால், "சும்மாம்மா, நீ போ" என்பார்கள். நான் போவேன். மறுபடியும் சிரிப்பு.

சாட்சி சொல்ல எத்தனையோ பேர் இருந்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் காட்சி கிடைக்கவில்லை. அதனால் எனக்கு வலித்ததைக்கூட நிரூபிக்க முடியாதவளாகவே வளர்ந்தேன். நீயாக நினைத்துக்கொள்கிறாய் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். டீ போடும் அறையில் அன்றும் அதே வார்த்தை.

இதை அவளுக்கு எப்படித் திருப்பிக்கொடுப்பது என்று இரண்டு நாள் நிதானமாக யோசித்தேன். நிதானமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று சொன்னால் பலர் மன்னிப்பார்கள். எனக்கு அந்த மன்னிப்பு வேண்டாம்.

முதலில் வந்ததெல்லாம் அற்ப யோசனைகள். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் நிழல் ஒரு முறை அணைந்து வரும். இல்லை, ஒரு படத்தை நாலு புள்ளி மேலே ஏற்றிவைத்தால் நிழல் துள்ளும். ஆனால் அதெல்லாம் அடுக்கியவளின் கைத்தவறு. பழி அவள் வாசலுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு என்னிடமே வரும். தவிர, என் ஷீட்டை நானே கெடுப்பதா? அதற்கு மட்டும் கை வராது.

எனக்கு வேண்டியது அவள் பார்க்கப்பட வேண்டும் என்பது ஒன்றுதான். நான் திரும்புவதற்கு முந்தைய கணத்தில் அவள் எப்படி இருந்தாளோ, அப்படி. எல்லார் முன்னாலும், பெரிதாக, திரும்பத் திரும்ப.

அதற்கான இடத்தை அவளே விட்டுவைத்திருந்தாள். கட்டத்துக்குள் நிழல் ஒரு பக்கமாக இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் அகலமான வெற்றிடம். ஆறாவது படத்துக்கு நான்கு கட்டங்கள். அந்த நான்கிலும் நிழல் அசையாமல் நின்றது.

மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது தொடங்கினேன். அவளுடைய பதிமூன்று படங்களையும் நகலெடுத்துப் பாதி உயரத்துக்குச் சுருக்கினேன். சின்ன நிழல்கள் கிடைத்தன. அவற்றில் இரட்டைப் பின்னலும் குட்டைப் பாவாடையும் சேர்த்தேன். எனக்கு வரைய வராது. ஆனால் கறுப்பில் கறுப்பை ஒட்ட வரைபவள் தேவையில்லை. ஒரு கையை மடக்கி வாய்மேல் வைத்தேன். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு கட்டம் தள்ளி ஒட்டினேன். பெரிய நிழலின் முதல் படம் சின்ன நிழலுக்கு இரண்டாவது கட்டத்தில்; இரண்டாவது படம் மூன்றாவது கட்டத்தில். ஒரு கட்டம் பிந்தினால் போதும், கண் உடனே சொல்லிவிடும், இது கூட நடப்பதல்ல, பார்த்துச் செய்வது என்று.

மீதி அந்த நான்கு கட்டங்கள். முதலாவதைத் தொடவில்லை, நிழல் தயங்கி நின்றது. இரண்டாவதில் பெரிய நிழலின் தலையைக் கொஞ்சம் பின்னால் திருப்பினேன். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். அங்கே சின்ன நிழலை நேராக நிறுத்தி, கைகளைத் தொங்கவிட்டேன். நான்காவதில் தலை முன்பக்கம் திரும்பிவிட்டது. சின்னது இன்னும் விறைப்பாகவே நின்றது. அடுத்த கட்டத்தில் அதன் இடுப்பு மறுபடி ஒரு பக்கமாக ஏறத் தொடங்கியது.

ஓரத்து வெற்றிடம் சரியாக இருக்கிறதா என்று கட்டம் கட்டமாகப் பார்த்தேன். எங்கும் கசியவில்லை. ஓடவிட்டேன்.

சுவரில் ஒரு பெண் நொண்டி நடந்தாள். பின்னால் ஒரு சிறுமி நொண்டிக் காட்டினாள். பெண் திரும்பினாள், சிறுமி நேராக நின்றாள். பெண் நடந்தாள், சிறுமி மறுபடியும்.

முதல் தடவையாக அதைப் பார்த்தேன். எத்தனை சுற்று என்று தெரியாது. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பசித்தது. டப்பாவைத் திறந்து கொண்டுவந்திருந்ததையெல்லாம் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, கையில் பேனா மட்டும். முதலாளி கொடுத்த டீயை ஆற விட்டுவிட்டு, "காட்டுங்க" என்றார். சுவர் முழுக்கத் திரை. ரேடியோ விளையாட்டை ஓட்ட உட்கார்ந்தார். தங்கை புதுச் சட்டையில் முன்வரிசையில் இருந்தாள். நான் கதவோரம் நின்றேன். ஷீட்டைக் காலையில்தான் கொடுத்திருந்தேன், அவள் திறக்கவில்லை.

வாசல், தோட்டம், கிணறு எல்லாம் போயிற்று. பிறகு நடைக்கூடம். ரேடியோ விளக்கை உயர்த்தினார். நிழல் வந்தது.

முதல் தடவை எல்லாரும் பெரிய நிழலை மட்டும் பார்த்தார்கள். இரண்டாவது தடவை முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பின்னாடி ஏதோ வருதே" என்றார். மூன்றாவது தடவை அந்த அம்மா பேனாவை மேசைமேல் வைத்தார்.

"விளக்கை அங்கயே பிடிங்க."

ரேடியோ பிடித்தார். நிழல் சுற்றிச் சுற்றி நடந்தது. அறையில் யாரோ ஒரு பெண் லேசாகச் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விழுங்கினாள். நான் திரையைப் பார்க்கவில்லை. தங்கையின் காதுக்குப் பின்னால் தோல் சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்தில் இறங்கி, புதுச் சட்டைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

"இது யார் யோசனை?" என்றார் அந்த அம்மா.

முதலாளி முந்திக்கொண்டார். "எல்லாம் இந்தப் பொண்ணுதாங்க. ஒவ்வொரு கோடும் அவளோடது."

"அந்தச் சின்னப் பொண்ணு யாரு?"

தங்கை தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"தங்கச்சி" என்றாள்.

"அக்காவுக்குத் தெரியுமா, இவ இப்படிச் செய்யறது?"

"தெரியும். பாத்ததில்லை."

"எதுக்குச் செய்யறா?"

"மத்தவங்க..." சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மத்தவங்க சிரிப்பாங்கன்னு."

அந்த அம்மா மறுபடி சுவரைப் பார்த்தார். "பேய்க்கதை நூறு பாத்துட்டேன். எனக்கு இப்பத்தான் முதுகு சில்லுங்குது" என்றார். "இந்த அக்காதான் பேய்னு நினைச்சேன். இல்ல." பேனாவை எடுத்துக்கொண்டார். "இது ஒரு சுவரோட நிக்கக் கூடாது. மாடிப்படியில வேணும், முற்றத்துல வேணும். போகப் போக அந்தப் பொண்ணு இன்னும் கிட்ட வரணும், முன்பக்கமாத் தெரியணும். நீங்களே வரையணும்மா. வேற யாருக்கும் இந்தக் கண்ணு வராது. வரைஞ்சு அனுப்புங்க, மத்ததைப் பேசிக்கலாம்."

முதலாளி "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று நாலைந்து முறை சொன்னார்.

மாடிப்படித் திருப்பத்தில் தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள். வேகமாக இழுத்ததில் நான் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

"எடுத்துடு."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. பழைய ஷீட் உன்கிட்ட இருக்கும். அதைப் போட்டுடு."

"அவங்களுக்குப் பிடிச்சிருக்கே."

"அக்கா." அவள் குரல் இறங்கிப் போயிருந்தது. "அப்ப எனக்கு ஆறு வயசு."

"போன வாரம் உனக்கு என்ன வயசு?"

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் படியிலேயே உட்கார்ந்தாள். ரேடியோவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"அதுல நீயும்தானே இருக்கே" என்றாள் பிறகு. "ஊர்ல எவனெவனோ காசு குடுத்து வாங்கி, உட்கார்ந்து உன்னைப் பாப்பான். உனக்கு அது பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு யாரு சொன்னது? ஆனா இதுவரைக்கும் நான் மட்டும் இருந்தேன். இப்ப நீயும் இருக்கே."

"நான் உனக்கு என்னல்லாம் செஞ்சிருக்கேன். இந்த வேலைகூட..."

"செஞ்சிருக்கே. அதையும் கணக்குல எடுத்துக்கோ." நான் ஒரு படி இறங்கி அவள் முகத்துக்கு நேராக நின்றேன். "ஒண்ணு பண்ணு. அந்தம்மா இன்னும் கிளம்பலை. உள்ள போய் சொல்லு. இது என் யோசனை இல்லை, என் அக்கா எனக்குத் தெரியாம செஞ்சது, அதை எடுத்துடுங்கன்னு. சொன்ன அடுத்த நிமிஷம் எடுத்துடறேன். உன் நிழல், என் நிழல், ரெண்டையும்."

கதவு ஏழெட்டுப் படிக்கு மேலே இருந்தது. உள்ளே முதலாளி ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. தங்கை கதவைப் பார்த்தாள். எழுந்தாள்கூட. அவள் போய்விட்டால் நான் சொன்னபடி செய்திருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை; ஆனால் அவள் போக மாட்டாள் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அவள் எப்படி என் தயக்கத்தைப் படித்துவைத்திருக்கிறாளோ, அப்படி அவளுடையதை நானும் படித்திருக்கிறேன்.

அந்த அம்மா படியிறங்கி வந்தார். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். "சீக்கிரம் அனுப்புங்க" என்று தங்கையின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். "சரிங்க" என்றாள் என் தங்கை.

புதிய படங்கள் வர ஆரம்பித்தன. மாடிப்படிக்கு ஒரு தொகுதி, முற்றத்துக்கு ஒன்று. சிறுமி சிறுமியாகவே இல்லை. யாரோ ஒரு பொம்மை காலைத் தூக்கித் தூக்கி வைப்பதுபோல் இருந்தது. நான் அடுக்காமல் திருப்பி அனுப்பினேன். குறிப்பில், 'இடுப்பு ஏறவில்லை' என்று எழுதினேன். திரும்பவும் வந்தது. 'தயக்கம் இல்லை' என்று எழுதினேன். மூன்றாவது தடவை அவள் என் மேசைக்கு முன் வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வர மாட்டேங்குது."

"சின்ன வயசுலேர்ந்து உனக்கு அப்படியே வருமாமே. அம்மா சொன்னா."

"இப்ப வரலை."

"அப்ப நடந்து பாத்துதான் வரையணும்" என்றேன். "நான் முன்னாடி நடக்கறேன். நீ பின்னாடி வா. ரேடியோ படம் எடுக்கட்டும்."

ரேடியோ இரண்டு பேரையும் பார்த்தார். "நான் வேணும்னா முக்காலியில கேமராவை வெச்சிட்டு..."

"நீங்களே பிடிங்க. கை ஆடாம."

மேசைகளுக்கு நடுவே இருந்த அதே வழி. எல்லாரும் தங்கள் திரைகளைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ கேமராவைத் தூக்கிப் பிடித்துப் பின்னோக்கி அடி வைத்தார். நான் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. நேரான, இரண்டு பக்கமும் ஒத்த சத்தம். வழி முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"எப்படி?" என்று கேட்டேன்.

ரேடியோ கேமராவுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னார். "சும்மா நடக்கிறாங்கக்கா."

"மறுபடி."

நடந்தோம். இந்தத் தடவை அவள் ஏதோ முயன்றாள்; கால் தடுக்கி ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டது கேட்டது. என் இடுப்புக்குள் சூடாக ஒரு கம்பி ஏறியது. இரண்டு நடைக்குமேல் எனக்குத் தாங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

"அக்கா, உனக்கு வலிக்குது. போதும்" என்றாள்.

"வலிச்சாத்தான் அந்தத் தயக்கம் நல்லாத் தெரியும்" என்றேன். "கவனிச்சுக்கோ."

திரும்பி வழியின் தொடக்கத்துக்கு நடந்தேன். அவள் எனக்குப் பின்னால் வந்து நிற்கிறவரைக்கும் காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ரேடியோ கேமராவைத் தாழ்த்தி, என்னிடம் எதையோ கேட்கும் முகத்தோடு நின்றார்.

"எடுங்க" என்றேன். வலது காலை எடுத்துவைத்தேன்.